தத்துக்கு முன் ஒரு வீடு: கொங்கு நாட்டில் பயந்த நாய்களின் மறுவாழ்வு

தெருநாய் பற்றிய பேச்சு தமிழ்நாட்டில் இப்போது இரண்டே குரல்களில் நடக்கிறது. எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போங்கள் என்கிறது ஒரு குரல். ஒன்றையும் தொடாதீர்கள் என்கிறது மற்றொன்று. டெல்லி நாய்களைக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவும், ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியதும், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலைய வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றும்படி நவம்பர் 7 அன்று வந்த உத்தரவும் கோவை டீக்கடைகள் வரை இந்த இரு குரல்களையும் உரக்க ஒலிக்க வைத்தன. இவற்றுக்கு நடுவே ஒரு நாய் யார் கணக்கிலும் வராமல் நிற்கிறது. வீட்டில் வளர்ந்து, பிறகு காரில் ஏற்றிவந்து புறவழிச்சாலையில் இறக்கிவிடப்பட்ட பொமரேனியன். தாய் லாரியில் அடிபட்டதால் சாக்கடை ஓரம் தனித்துப்போன குட்டி. கால் முறிந்து, கட்டுப் போட்டு, தெருவுக்குத் திரும்ப முடியாமல்போன சின்ன உடம்பு. அதை யாரோ மீட்டுவிட்டார்கள். ஆனாலும் கை நீட்டினால் மூலைக்குள் ஒடுங்குகிறது. தத்துக் கேட்டு வருபவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த கூண்டுக்குப் போய்விடுகிறார். இப்படிப்பட்ட நாயின் மீட்பு, தத்துக்கு முன் அது சில வாரங்கள் தங்கும் தற்காலிக வீட்டில்தான் முழுமை பெறுகிறது என்பது இந்தக் கட்டுரையின் வாதம். சில தன்னார்வலர்களின் இரக்கத்தை மட்டும் நம்பி நடக்கும் இந்த வேலை, கோவையிலும் கொங்கு வட்டாரத்திலும் ஒரு பொது ஏற்பாடாக வேண்டும் என்பது அதன் தொடர்ச்சி.

முதலில், எந்த நாய்க்கு இது தேவை என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தெருவில் கண்ட நாயையெல்லாம் வீட்டுக்குத் தூக்கிவருவது தீர்வாகாது. தன் தெருவை அறிந்து, அங்கே நாலு பேர் வைக்கும் சோற்றில் வாழ்ந்து, திடமாக இருக்கும் நாட்டு நாய்க்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் முறை. சென்னையில் 1959இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் விலங்குநல அமைப்பு 1964 முதல் வலியுறுத்திவந்த வழி இது. 2001ஆம் ஆண்டின் மத்திய விதிகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் இதையே சட்டமாக்கின. கோவை மாநகராட்சியின் சீரநாயக்கன்பாளையம், உக்கடம் கருத்தடை மையங்களும் இந்த அடிப்படையில் அமைந்தவையே. ஆனால் தெருவையே அறியாத வளர்ப்பு நாய்க்கும், தாயற்ற குட்டிக்கும், ஊனமுற்றதற்கும் திரும்பிப்போக இடமில்லை. அவற்றுக்குத் தத்து ஒன்றே வழி. உச்ச நீதிமன்றத்தின் ஆகஸ்ட் 22 உத்தரவும், விருப்பமுள்ளவர்கள் தெருநாயைத் தத்தெடுக்க மாநகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் கூறுகிறது. அந்தப் பொறுப்பை ஒருவர் காப்பாற்ற வேண்டுமானால், எடுக்கும் நாய் வீட்டு வாழ்க்கைக்குத் தயாராகி இருக்க வேண்டும். தயார் செய்வது யார் என்பதற்கு விதிகளில் தெளிவான ஏற்பாடு இல்லை.

கொங்கு நாட்டில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரிவதற்கு ஒரு பண்பாட்டுக் காரணம் உண்டு. தமிழர் நாயை மதித்தது பெரும்பாலும் காவலுக்காக. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று, இறந்த வீரனோடு கோவிவன் என்ற அவனுடைய நாயையும் பொறித்து வைத்திருக்கிறது. நாய்க்குப் பெயர் சொல்லிக் கல் நட்ட சமூகம் நம்முடையது. அந்தப் பெருமையும் காவல் காத்ததால் அதற்குக் கிடைத்தது. அந்த வழக்கம் கொங்கு மண்ணில் இன்றும் உயிரோடு இருக்கிறது. தோட்டத்து வீடான சாளைக்கு ஒரு நாய், ஆட்டுப் பட்டிக்கு ஒரு நாய், வாசலில் கட்டினால் அந்நியரைப் பார்த்துக் குரைக்கும் நாய் என்று பயனைக் கொண்டே நாயை அளக்கிறோம். குரைக்காத, ஆளைக் கண்டால் நடுங்குகிற, ஆறு கிலோகூட எடையில்லாத நாய் இந்தக் கணக்கில் வீண். அழகுக்காக வாங்கியவர்களும் அது வளர்ந்து, முடி கொட்டி, தோல் நோய் வந்ததும் சலித்துவிடுகிறார்கள். விலங்கைப் பட்டினிக்கோ தாகத்துக்கோ ஆளாகும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம்தான். ஆனால் முதல் முறை பிடிபட்டால் அந்தச் சட்டம் விதிக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் குறைவான அந்தத் தொகையைக் கண்டு யாரும் அஞ்சப்போவதில்லை.

நாயின் பயம் என்பது அதன் குணக்கேடு என்று பலர் எண்ணுகிறார்கள். ஆய்வுகள் வேறு சொல்கின்றன. ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் 1965இல் வெளியிட்ட நூல், குட்டி பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரையிலான காலமே அது மனிதரையும் உலகத்தையும் பழகிக்கொள்ளும் பருவம் என்று காட்டியது. அந்த வாரங்களில் மனிதக் கையை அடியாக மட்டுமே அறிந்த குட்டி, பிறகு அன்போடு நீளும் கையையும் அடியாகவே எடுத்துக்கொள்ளும். நம் நாட்டுத் தெருவில் அந்தப் பருவம் எப்படிக் கழிகிறது என்பதற்குக் கொல்கத்தா ஐசர் (IISER) அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வு சான்று. 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளைத் தொடர்ந்து கவனித்ததில் ஏழு மாத வயதை எட்டியவை நூற்றுக்கு 19 மட்டுமே. இறப்புகளில் நூற்றுக்கு 63 பங்குக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ மனிதரே காரணம். அதே குழு 2017இல் இன்னொன்றையும் கண்டது: முன்பின் தெரியாத மனிதர் பலமுறை வந்து சோறு வைத்ததைவிட, பலமுறை வந்து தடவிக்கொடுத்ததே தெருநாய்களிடம் கூடுதல் நம்பிக்கையை உண்டாக்கியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மனிதரால் வந்த பயம் மனிதரோடு திரும்பத் திரும்ப, தீங்கின்றிப் பழகினால் தணிய வாய்ப்புண்டு என்று கொள்ளலாம். அந்தப் பழக்கத்துக்கு நேரமும் அமைதியும் தேவை.

காப்பகம் இந்த இரண்டையும் தர முடியாத இடம். அங்கே வேலை செய்பவர்கள் அக்கறையற்றவர்கள் என்பது இதன் பொருளன்று. நூறு நாய்கள் குரைக்கும் கூடத்தில், பினாயில் வாசனையும் சிமெண்டுத் தரையும் இரும்புக் கதவின் ஓசையுமாக இருக்கும் இடத்தில், பயந்த நாய்க்கு ஓய்வே கிடைப்பதில்லை. அமெரிக்காவில் மைக்கேல் ஹென்னஸி குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாட்களில் நாய்களின் ரத்தத்தில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் அளவு, வீட்டு நாய்களைவிட வெகுவாக உயர்ந்திருந்தது. 2019இல் லிசா குண்டர் குழுவினர் ஐந்து காப்பகங்களின் 207 நாய்களை ஓரிரு இரவு மட்டும் வீடுகளில் தங்கவைத்துச் சோதித்தனர். வீட்டில் இருந்த நாட்களில் கார்ட்டிசால் குறைந்தது. நாய்கள் நீண்ட நேரம் இடையூறின்றி ஓய்வெடுத்தன. அதே ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வில், தற்காலிக வீட்டுக்குப் போய்வந்த நாய்கள் தத்துப்போகும் வாய்ப்பு மற்றவற்றைவிடப் பதினான்கு மடங்குக்கும் அதிகம் என்று தெரிந்தது. இவை அமெரிக்கக் காப்பகங்களின் கணக்குகள். நம் ஊருக்கு எண்ணளவில் அப்படியே பொருந்தும் என்று சொல்வது மிகை. வீட்டுக்கு அனுப்பத் தேர்ந்தெடுத்த நாய்களே சற்று நல்ல இயல்புடையவையாக இருந்திருக்கலாம் என்ற ஐயத்துக்கும் இடமுண்டு. ஆனால் திசை ஐயமற்றது. கூண்டில் தெரியும் நாயும் வீட்டில் தெரியும் நாயும் ஒன்றல்ல. தத்தெடுப்பவர் காண வேண்டியது இரண்டாவதை.

அந்தத் தற்காலிக வீட்டில் என்னதான் நடக்கிறது? முதல் சில நாட்கள் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடப்பதாகத் தெரியாது. நாய் கட்டிலுக்கு அடியில் போய் ஒண்டிக்கொள்ளும். தட்டில் தயிர்சோறு வைத்தால் ஆள் இருக்கும்வரை தொடாது. விளக்கணைந்து வீடு அடங்கியபின் நக்கித் துடைத்திருக்கும். மிக்ஸி ஓடினால், குக்கர் விசில் அடித்தால், ஒரம்பரை (விருந்தாளி) வந்து காலிங்பெல்லை அழுத்தினால் உடம்பு முழுதும் விறைக்கும். வாலைக் கால்களுக்கிடையே இடுக்கும். பசியில்லாமலே உதட்டை நக்கும். தூக்கமில்லாமலே கொட்டாவி விடும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்க்கும். இவை எல்லாம் 'என்னை நெருங்காதே' என்பதற்கான அறிகுறிகள். இவற்றைப் படிக்கத் தெரிந்த வீடு, நாயை இழுத்து மடியில் வைக்காது. ஒருவர் தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, நாயை நேராகப் பார்க்காமல், எட்டும் தொலைவில் ஒரு துண்டு வேகவைத்த கோழியை வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். நாய் தானாக வந்து புறங்கையை மோப்பம் பிடிக்கும் நாள்தான் முதல் முன்னேற்றம். அதன்பின் சத்தங்களைப் பழக்க வேண்டும்: மிக்ஸி அடுத்த அறையில் கதவடைத்து ஓடும்போது ஒரு தின்பண்டம், அடுத்த வாரம் கதவு திறந்திருக்கும்போது ஒன்று. அடித்தும் அதட்டியும் பழக்குவது பயத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாடும் வெகுமதி முறையையே பரிந்துரைக்கிறது. இவ்வளவுக்கும் அடங்காத நடுக்கத்துக்குக் கால்நடை மருத்துவர் மருந்து தருவார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த வாரங்களில் கிடைக்கும் இன்னொரு பொருள் தகவல். கூண்டில் இருக்கும் நாயைப் பற்றி 'சாது, சின்ன நாய், தத்துக்கு உண்டு' என்று மட்டுமே எழுத முடியும். வீட்டில் இருந்த நாயைப் பற்றி, ஆண் குரலுக்குப் பயப்படும், பெண்களிடம் இரண்டு நாளில் பழகும், பூனையைத் துரத்தாது, சிறு குழந்தை உள்ள வீட்டுக்கு வேண்டாம், தனியே மூன்று மணி நேரம் இருக்கும், வெடிச்சத்தம் ஆகவே ஆகாது என்று எழுத முடியும். சோமனூர், பல்லடம் பக்கத்தில் விசைத்தறி ஓடும் வீட்டுக்கு அந்த நாய் ஏற்றதல்ல என்றும், பீளமேட்டில் ஓய்வுபெற்ற தம்பதியின் அமைதியான வீட்டுக்கு ஏற்றது என்றும் அப்போதுதான் தெரியும். தத்துப்போன நாய் திருப்பி அனுப்பப்படுவதற்கும், மறுபடி தெருவில் விடப்படுவதற்கும் பெரும் காரணம் எதிர்பார்ப்புக்கும் உண்மைக்கும் உள்ள தூரம். அந்தத் தூரத்தைக் குறைப்பது தற்காலிக வீட்டில் எழுதப்படும் இந்தச் சிறு குறிப்பு.

எதிர்வாதங்களில் கொங்கு நாட்டில் முதலில் வருவது, 'எதுக்கு இவ்வளவு பாடு, தோட்டத்துல கொண்டுபோய் விட்டுடுங்க' என்பது. நல்ல மனதோடு சொல்லப்படும் யோசனைதான். திடமான நாட்டு நாய்க் குட்டிக்கு, சங்கிலியில் கட்டிப்போடாத தோட்டம் நல்ல வீடாகவும் அமையும். பயந்த சின்ன நாய்க்கு அது அப்படியில்லை. ஏற்கெனவே தோட்டத்தில் இருக்கும் நாய்கள் அதைச் சேர்க்காது. தொண்டாமுத்தூர், பெரியநாயக்கன்பாளையம், ஆனைக்கட்டி போன்ற மலையடிவாரப் பகுதிகளில் சிறுத்தைக்கு எளிதில் கிடைக்கும் இரை நாய். காட்டுப்பன்றியும் பாம்பும் வேறு. மிரண்டு ஓடிய நாய்க்கு வேலியும் இல்லை, தேடுவதற்கு ஆளும் இல்லை. தவிர, மனிதரோடு பழகுவதுதான் அதற்கு மருந்து என்றால், ஆளே இல்லாத சாளையில் அது கிடைக்காது. பரப்பளவு மட்டும் நாய்க்கு நலம் தருவதில்லை; ஒரே படுக்கையறை உள்ள அடுக்குமாடி வீட்டில்கூட ஒழுங்கான நடையும் அமைதியான மூலையும் இருந்தால் அது தேறும். குடியிருப்புச் சங்கங்கள் செல்லப்பிராணி வளர்ப்பதைத் தடைசெய்ய முடியாது என்று விலங்குநல வாரியம் 2015இலேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது.

இரண்டாவது எதிர்வாதம் கனிவிலிருந்து வருவது. ஒரு வீட்டில் பழகியதும் மறுபடி பிரித்து இன்னொரு வீட்டுக்கு அனுப்புவது அந்த உயிருக்கு இரட்டைக் கொடுமை ஆகாதா? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. குண்டர் குழுவின் 2019ஆம் ஆண்டு ஆய்வில், வீட்டிலிருந்து காப்பகத்துக்கே திரும்பிய நாய்களின் கார்ட்டிசால் பழைய அளவுக்குத் திரும்பியதே ஒழிய அதைத் தாண்டவில்லை. கூண்டுக்குத் திரும்பியபோதே நிலை அதுவென்றால், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவது அதைவிட மோசமாக இருக்கும் என்று நினைக்கக் காரணமில்லை. தவிர, ஒரு மனிதரை நம்பக் கற்ற நாய் அடுத்தவரை நம்ப முதல் முறை அளவுக்கு நாள் எடுத்துக்கொள்வதில்லை என்பது மீட்புப் பணியில் உள்ளவர்கள் பரவலாகச் சொல்வது. மாற்றத்தின் கடுமையைக் குறைக்கவும் வழி உண்டு: புதிய குடும்பம் முன்பே இரண்டு மூன்று முறை வந்து பழகுவது, நாய் படுத்த பழைய போர்வையைக் கூடவே அனுப்புவது, அதே வேளையில் அதே உணவைத் தொடர்வது. பிரிவின் வலி நாயைவிட வளர்த்தவருக்கே அதிகம். அதைத் தாங்க முடியாமல் தாமே வைத்துக்கொள்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஒவ்வொரு வீடும் நிரம்பிவிட்டால் அடுத்த நாய்க்கு இடமிருக்காது என்பதையும் முன்கூட்டியே யோசித்துவிட வேண்டும்.

மூன்றாவது எதிர்வாதம் எல்லாவற்றிலும் கனமானது. நாய்க்கடியில் மனிதர் சாகும்போது, பட்டியில் ஆடுகள் குதறப்பட்டுக் கிடக்கும்போது, நாய்க்கு வீடு தேடுவது யாருக்காக? 2024இல் இந்தியாவில் ஏறக்குறைய 37 லட்சம் நாய்க்கடிகள் பதிவானதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அறிகுறி தோன்றிவிட்டால் வெறிநோய்க்கு மருந்தே இல்லை. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பகுதிகளில் தெருநாய்க் கூட்டங்கள் பட்டியில் புகுந்து செம்மறிகளைக் கொன்றதும், செத்த ஆடுகளைக் கொண்டுவந்து போட்டு விவசாயிகள் இழப்பீடு கேட்டுச் சாலையில் உட்கார்ந்ததும் அண்மை வரலாறு. மேய்ச்சலை நம்பிய குடும்பத்துக்கு ஒரே இரவில் ஆண்டு வருமானம் போய்விடுகிறது. அந்தக் கோபம் நியாயமானது. அந்த நியாயமே தற்காலிக வீட்டுக்கும் சாதகமாகப் பேசுகிறது. இன்று கைவிடப்படும் வீட்டு நாய், கருத்தடை செய்யப்படாமல் தெருவில் தப்பிப் பிழைத்தால் நாளைய கூட்டத்தில் ஒன்றாகும், அல்லது அடுத்த தலைமுறைக்குத் தாயாகும். அதைத் தெருவிலிருந்து எடுத்து, ஊசி போட்டு, கருத்தடை செய்து, பெயரும் பொறுப்பாளரும் உள்ள நாயாக மாற்றுவது பட்டிக்காரருக்கும் பாதுகாப்பு. பயந்த நாய் கடிக்கக்கூடியது என்பதும் உண்மை. பயம் கடிகளுக்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே சிறு குழந்தை உள்ள வீடு இந்த வேலையை ஏற்க வேண்டாம். ஏற்கும் வீட்டினர் வெறிநோய்க்கு முன்தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. கீறினாலும் கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி அங்கே இலவசம்.

கடைசி எதிர்வாதம் எண்ணிக்கை பற்றியது. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பு நாட்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட தெருநாய்கள் இருப்பதாகச் சொன்னது. ஒரு வீட்டில் ஒரு நாய் என்று தேற்றி எப்போது கரைசேர்வது, அந்தப் பணத்தைக் கருத்தடைக்கே செலவிடலாமே என்று கேட்கிறார்கள். கருத்தடைக்கு ஈடு வேறொன்று இல்லை. அதற்கு ஒதுக்கும் நிதியில் ஒரு ரூபாயும் குறையக் கூடாது. ஆனால் கருத்தடை மையத்தின் கூண்டு, போக்கிடமில்லாத நாய்களால் அடைபட்டுக் கிடந்தால் அடுத்த அறுவை சிகிச்சைக்கு இடமிருக்காது. தற்காலிக வீடு அந்தக் கூண்டை விடுவிக்கிறது. அதற்கு வேண்டிய அறையும் நேரமும் அரசு நிதியிலிருந்து வருவதில்லை, மக்களிடமிருந்து வருகிறது. ஆகவே இரண்டும் ஒன்றை ஒன்று தின்னும் செலவுகள் ஆகா.

இன்றைய நிலையில் இந்தச் சுமை சில தன்னார்வலர்கள் தலையில் விழுகிறது. தீவனம், மருத்துவம், நடு இரவு அழைப்பு, அக்கம்பக்கத்தார் சண்டை எல்லாம் அவர்களுக்கே. ஒரு வீட்டில் அளவுக்கு மீறி நாய்கள் சேர்ந்துவிட்டால் அதுவும் ஒரு சிறிய காப்பகமாகிவிடுகிறது. பயந்த நாய்க்கு எந்த அமைதியைத் தேடினோமோ அது கெட்டுவிடுகிறது. இதை மாற்றப் பெரிய கட்டடம் எதுவும் வேண்டாம். மாநகராட்சி, தன் கருத்தடை மையங்கள் வழியாகத் தற்காலிக வீடுகளின் பட்டியல் ஒன்றைப் பராமரிக்கலாம். பட்டியலில் உள்ள வீட்டில் ஒரே நேரத்தில் ஒரு நாய், எழுத்தில் ஒப்பந்தம், எத்தனை வாரம் என்ற வரம்பு, முடியாவிட்டால் திரும்பப் பெற்றுக்கொள்ளும் உறுதி ஆகியவை இருக்க வேண்டும். அந்த நாய்களுக்கு அரசு கால்நடை மருத்துவமனைகளில் தடுப்பூசியும் உண்ணிக் காய்ச்சல் சோதனையும் கட்டணமின்றிச் செய்யலாம். பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், குட்டி ஒன்று அந்நோயில் இறந்த வீட்டுக்கு ஊசி போடாத குட்டியை அனுப்பக் கூடாது என்பது போன்ற விதிகளை மருத்துவர்கள் வகுக்கலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி கொங்கு நாட்டிலேயே இருக்கிறது; நாயின் நடத்தை பற்றிய எளிய தமிழ்க் கையேடு ஒன்றை அது தந்தால் ஆயிரம் வீடுகளுக்கு உதவும். தத்துக்குப்பின் ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதையும் நடைமுறையாக்க வேண்டும்.

எப்போது தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். தீபாவளி வெடிக்கும் மாரியம்மன் நோம்பி வேட்டுக்கும் மிரண்டு ஓடி வழிதவறும் நாய்களால் அந்த நாட்களில் மீட்பு அமைப்புகள் திணறுகின்றன. அப்போது இரண்டு வாரம் ஓர் அறையை ஒதுக்க முடிந்தாலே போதும். வீட்டில் உள்ள எல்லோரும் சம்மதித்த பிறகு, அருகிலுள்ள கால்நடை மருத்துவரையோ விலங்குநல அமைப்பையோ அணுகி, ஊசி போட்ட ஒரு சின்ன நாயைக் கேளுங்கள். வளர்த்து வைத்துக்கொள்ள முடியாது என்பது மறுப்பதற்குக் காரணமாக வேண்டியதில்லை. வைத்துக்கொள்ளாமல், தேற்றி அனுப்பிவைப்பதுதான் இங்கே கேட்கப்படும் உதவி.